உப்பில்லாக் கஞ்சி

என் மனைவி கொல்லையில் வாய் உடைந்த பானை ஒன்று வைத்திருந்தாள். மிஞ்சிய கஞ்சி, புளித்த மோர், அழுகிய பச்சை மிளகாய், பூண்டுத் தோல் எல்லாம் அதற்குள் போகும். நன்றாக ஊறியதும் பழைய வேட்டியில் வடிகட்டி, பொழுது சாய்கிற நேரத்தில் வேப்பங்குழையால் தொட்டுத் தொட்டுக் கத்தரிச் செடிகளில் தெளிப்பாள். அசுவினிப் பூச்சி கிட்டே அண்டாது. நாற்றம் மட்டும் தெருமுனை வரைக்கும் வரும்.

"மருந்துக்கடை முதலாளியம்மா, மூக்க அடைக்குது" என்று சீண்டுவேன்.

"கத்தரிக்கா கொழம்பு கொதிக்கிறப்பத் தன்னால தெறந்துக்கிரும்" என்பாள்.

அந்தப் பானைக்கு ஒரே ஒரு சட்டம். உப்புப் போட்ட எதுவும் உள்ளே போகக் கூடாது. உப்புப் பட்டால் இலை கருகிவிடும். ஒருநாள் என் கலயத்து மிச்சத்தைத் தெரியாமல் ஊற்றிவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு வெள்ளைக்காரன் ஆட்சியில் உலகச் சண்டைக் காலம் வந்தது. திருவாதவூர்ப் பக்கம் அரிசி கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. அப்போதுதான் அவள் வயிற்றில் கட்டி என்று படுத்தாள். வண்டி கட்டி மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கஞ்சியும் மோரும் ஒழுங்காக உள்ளே இறங்கினால் தேறிவிடுவாள் என்று வைத்தியர் சொன்னார். அது போதும் எனக்கு. நான் கேப்பைக்களியைத் தின்றுகொண்டு, கிடைத்த அரிசியை எல்லாம் அவளுக்கே காய்ச்சினேன்.

முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "உப்புப் போடாமக் குடுங்க. வாயெல்லாம் எரியுது."

அதிலிருந்து உப்பில்லாமலே காய்ச்சி, மோர் ஊற்றி, தலைமாட்டில் வைத்துவிட்டு வயலுக்குப் போவேன். திரும்பி வந்தால் கலயம் காலியாக இருக்கும். எனக்குக் கால் தரையில் பாவாது.

"இன்னும் கொஞ்சம் காச்சட்டுமா புள்ள?"

"அம்புட்டையும் குடிச்சிட்டேன். போதும்."

ஆனாலும் உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. உப்பில்லாக் கஞ்சியில் என்ன சத்து இருக்கப் போகிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

தை பிறப்பதற்கு முன்னால் போய்விட்டாள்.

காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பிறகு கொல்லைக்குப் போனேன். அசுவினி அப்பி, கத்தரி இலைகள் சுருண்டு கிடந்தன. பானையைத் திறந்தேன். விளிம்பு வரைக்கும் கஞ்சி. எங்கள் வீட்டில் எதுவுமே மிஞ்சாத காலம் அது.

கட்டிலிலிருந்து அவ்வளவு தூரம் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறாள். குடிக்க முடியவில்லை என்று தெரிந்தால் நான் உடைந்துபோவேன்; அரிசியை வீணாக்கவும் அவளுக்கு மனசு வராது. கோபம் தலைக்கேறி, பானையை உதைக்கக் காலைத் தூக்கினேன். "எங்கிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடி" என்று கத்தினேன். அழுகை அடங்கியதும் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை.

என் வேட்டியைக் கிழித்து வடிகட்டினேன். வேப்பங்குழை ஒடித்து, ஒரு செடி விடாமல் தெளித்தேன்.

செடிகள் எல்லாம் தேறிவிட்டன.