இப்பப்பூ கொண்டுவந்த அம்மா

ஆசிஃபாபாத் பக்கமிருந்து செகந்திராபாத் வரும் பாசஞ்சரில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார் அந்தக் கோண்டு பழங்குடி அம்மா. நெற்றியிலும் முகவாயிலும் பச்சை குத்தியிருந்தது. மடியில் ஒரு துணி மூட்டை. தூங்கும் குழந்தையைத் தட்டுவதுபோல அதைத் தட்டிக்கொண்டே வந்தார். புளித்த இனிப்பு வாசனை பெட்டி முழுக்க வீசியது.

இப்பப்பூ! நம் ஊர் இலுப்பையின் சொந்தம். காட்டு ஜனங்கள் சாராயம் காய்ச்சுவது இதில்தான். எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கேள்விக்கா பஞ்சம்? நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு தெலுங்கில் ஆரம்பித்தேன்.

"எவ்வளவு குடிச்சா போதை ஏறும்மா?"

"என் பையனைக் கேளு, பாபு. அவனுக்குத்தான் கொண்டுபோறேன்."

"அவர் எங்கே இருக்காரு?"

"பட்டணத்துலே கட்டட வேலைக்குப் போன இடத்துலே சாரம் சரிஞ்சு செத்துட்டான். அங்கேயே புதைச்சுட்டாங்க. இதைக் காய்ச்சி அவன் மண்ணுலே ஊத்தணும். வாசனை பிடிச்சு எழுந்து வருவான். ஊருக்குக் கூட்டிட்டுப் போய், செத்துப்போன எங்க பெரியவங்களோடே சேர்த்துடுவேன்."

நோட்டை மூடிவிட்டேன்.

அடுத்த ஸ்டேஷனில் ஏறிய கலால் காவலர் நேராக மூட்டையில் கைவைத்தார். "சாராயப் பூவா?"

"காலேஜ் சாம்பிள், சார்!" என்று என் அடையாள அட்டையை நீட்டினேன்.

"உங்க காலேஜுக்கு வேற வேலையே இல்லையா?" என்று முனகிக்கொண்டே போய்விட்டார்.

செகந்திராபாத்தில் இறங்கியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பிப் போறப்போ அவனுக்கும் டிக்கெட் வாங்கணுமா, பாபு?"

"வேண்டாம்மா" என்றேன். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான், விதியெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனாலும் சரியாகத்தான் சொன்னேனா என்று இன்றும் குழம்புகிறேன். டிக்கெட் இல்லாததால் பாவம், வழியெல்லாம் அவன் நின்றுகொண்டே போயிருப்பானோ?