ஜெசிந்தா வண்டியில் இருந்த ஸ்டிக்கர்

ஜெசிந்தா இறந்த சேதி எனக்கு நம் நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ஆவடி - பூந்தமல்லி சாலையில் லாரி மோதி, ஸ்கூட்டரில் சென்ற தனியார் நிறுவனப் பெண் ஊழியர் பலி. லாரி நிற்காமல் சென்றுவிட்டது. பெயர் கடைசி வரியில் இருந்தது. காவல் நிலையத்தில் சொன்னதை யாரோ வழக்கம்போல அப்படியே போட்டிருந்தார்கள்.

அவளைத் தெரிந்த சக நிருபர்களான உங்களுக்கு, ‘நிறுவன ஊழியர்’ என்பது பாதி உண்மை என்று தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தது வயிற்றுப்பாட்டுக்கு. ஷிப்ட் முடிந்ததும் அவள் அம்பத்தூர் நிருபர், நான் பூந்தமல்லி நிருபர், இருவருக்கும் ஒரே நாளிதழ். அச்சானால் காசு, ஆகாவிட்டால் பெட்ரோல் நம்முடையது. அடையாள அட்டை கிடையாது, செய்தியில் பெயரும் வராது.

நிரந்தர நிருபராகிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அதற்கான பயிற்சித் தேர்வை எழுதி நல்லபடியாகத் தேறினாள். நேர்காணலில், பயிற்சி முடியும்வரை சம்பளம் கிடையாது, வீட்டில் சமாளிப்பார்களா என்று கேட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு லேத் பட்டறையில் விரல்கள் போனபிறகு மண்ணூர்பேட்டை வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. டீக்கடையில் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “பரீட்சைல நான் பாஸுண்ணா. எங்க ஊடுதான் ஃபெயிலு.” நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அந்த வாரமே ‘பிரஸ்’ என்று எழுதிய ஸ்டிக்கர் இரண்டு வாங்கி வந்தாள். ஒன்றைத் தன் ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒட்டினாள். இன்னொன்றை, கேட்காமலே, என் வண்டியில். அட்டை இல்லாதவர்களுக்கு ஸ்டிக்கர்தான் அட்டை என்பது நம் வழக்கம். போலீஸ் பிடித்தால் இதையா கிழித்துக் காட்டுவாய் என்று கிண்டல் செய்தேன். அட்டையை ஆபீஸ் தர வேண்டும், இதை நாமே ஒட்டிக்கொள்ளலாம் என்றாள்.

பிறகுதான் டேங்கர் லாரிகளின் பின்னால் போக ஆரம்பித்தாள். கம்பெனிக் கழிவைக் கொண்டுவந்து ஏரியில் திறந்துவிடும் லாரிகள். நம்பர் பிளேட்டில் சேறு பூசியிருக்கும். முதல் செய்தி நான்கு வரியாய் வந்தது. அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். அப்பா கொடுத்த டீயைக் குடித்தபடி, மரியாதையாகவே பேசினார்களாம். “பெரியவரே, உங்க பொண்ணு ரிப்போர்ட்டர்னு சொல்லிகினு சுத்துதாமே. ஆபீசுக்கே போன் போட்டோம். அந்தப் பேர்ல யாரும் இல்லன்ட்டாங்க.” குடித்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்களாம்.

ஆபீஸ் பொய் சொல்லவில்லை. பதிவேட்டில் நாம் இல்லைதான். இந்தச் செய்தியை விட்டுவிடு என்று கெஞ்சினேன். அவள் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாருன்னு கேட்டவனுக்கு, யாருமே இல்லன்னு சொல்லிட்டாங்களேண்ணா. இனிமே அவனுக்கு இன்னா பயம் கீது?”

ஆனாலும் அவள் விடவில்லை. சில வாரங்களில் அந்த லாரி.

அடக்கம் முடிந்தபின் அவள் அப்பாவுடன் ஸ்கூட்டரைப் பார்க்கக் காவல் நிலையம் போனேன். பின்பக்கம்தான் நொறுங்கியிருந்தது. முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. ஓரம்கூடக் கிழியாமல், நிதானமாக உரித்திருந்தார்கள். வரும்போதே அப்படித்தான் இருந்தது என்றார் காவலர். பெரியவர் மிச்சமிருந்த விரலால் அந்தப் பசைத் தடத்தைத் தொட்டுப் பார்த்தார். “இங்க இன்னாமோ எழுதியிருந்துதே நைனா,” என்றார்.

இரங்கல் செய்தியில் ‘நமது அம்பத்தூர் நிருபர்’ என்று ஒரு வரி போடுங்கள் என்று ஆபீசில் கேட்டேன். வருத்தம் தெரிவித்தார்கள். சட்டச் சிக்கல் வரும் என்றார்கள். அதனால் நான் இங்கே எழுதுகிறேன்: ஜெசிந்தா எங்கள் அம்பத்தூர் நிருபர்.

அவள் நினைவாக என்னிடம் இருப்பது அந்த இன்னொரு ஸ்டிக்கர். போன வாரம் திருவேற்காட்டு டீக்கடை வாசலில், முன்பின் தெரியாத ஒருவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மரியாதையாகவே கேட்டார்: “அந்தப் பொண்ணு வண்டிலயும் இதான இருந்துது? நீங்க எந்தப் பேப்பரு அண்ணாத்தே?”

பேப்பர் பெயரையும் என் பெயரையும் சொன்னேன். அவர் குடித்த கிளாஸைத் தானே கழுவி வைத்துவிட்டு, போனை எடுத்தார்.

ஆபீஸ் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். ஸ்டிக்கரை நான் இன்னும் எடுக்கவில்லை.