நம்பர் அக்காவும் நீலப் பீப்பாயும்

தண்ணீர் குடித்து முடித்ததும் பாட்டிலைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பாள். இருபது வருடமாக இப்படித்தான். விருந்துக்குப் போன வீட்டிலும் ஊறுகாய் டப்பாவைத் தலைகீழாக்குவாள். மூடி சரியாக இல்லாவிட்டால் விபரீதம். தெருவில் அவளுக்குப் பெயரே நம்பர் அக்கா.

பழைய சாமான் கடையில் பிளாஸ்டிக் பிரிப்பது வேலை. டப்பாக்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஒன்று முதல் ஏழு வரை ஏதாவது ஓர் எண் இருக்கும். அது பிளாஸ்டிக்கின் ரகம்; எதிலும் சேராதது ஏழு. எண் தேய்ந்திருந்தால் நகத்தால் தட்டிக் கேட்பாள், ஓரத்தை மடக்கிப் பார்ப்பாள். அப்போதும் சந்தேகம் என்றால் ஒரு துண்டு வெட்டித் தொட்டித் தண்ணீரில் போடுவாள். மிதப்பது ஒரு மூட்டைக்கு, மூழ்குவது இன்னொன்றுக்கு.

ஆளை நிமிர்ந்து பார்த்துப் பேசமாட்டாள். டப்பாவைக் காட்டினால் வாய் திறக்கும். "ஒன்னுல சுடுதண்ணி ஊத்தாதீங்க, சுருண்டுக்கும். அஞ்சு சூடு தாங்கும், அதுக்காக அடுப்பு மேலயா வைப்பாங்க? மூணும் ஆறும் சாப்பாட்டுப் பக்கமே வேணாம்."

"உன் மருமகனையும் கவுத்துப் பாத்துதான் எடுத்தியா?" என்றார் கடைக்காரர் ஒருநாள்.

"அவரு ஏழு. எதுல சேக்குறதுன்னே தெரியல."

அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி, வீட்டில் சமைத்துத் தொழிற்சாலை ஆட்களுக்குச் சாப்பாடு போடுகிறவள். தண்ணீர் பிடித்து வைக்கப் பீப்பாய் கேட்டாள். அக்கா கடையிலிருந்து நீலப் பீப்பாய் ஒன்றை உருட்டிக்கொண்டு போனாள். "ரெண்டாம் நம்பர், தண்ணிக்கு நல்லது. கண்ண மூடிக்கிட்டு ஊத்து."

ஒன்பதாம் நாள் கடைக்கு ஒரு வண்டி பீப்பாய் வந்தது. அதே நீலம், அதே மஞ்சள் மூடி. ஒன்றில் மட்டும் ஒட்டியிருந்த காகிதம் கிழியாமல் இருந்தது. மண்டையோட்டுப் படம், கீழே பூச்சிமருந்து என்ற எழுத்து.

"அன்னிக்கு நான் கொண்டுபோனது?"

"இதே இடத்துச் சரக்குதான். ஏன்?"

செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தாள்.

ஓரகத்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நம்பர் சரின்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

"நம்பர் சரிதான். முன்ன உள்ள என்ன இருந்துச்சுன்னு நான் கேக்கல."

"நாலு தடவ தேய்ச்சுக் கழுவினேனே."

"பிளாஸ்டிக் குடிச்சது குடிச்சதுதான். கழுவினா போகாது."

ஓரகத்தி களைந்த அரிசியை அப்படியே சாக்கடையில் கொட்டினாள். "சாப்பிடுறவங்களுக்கு யாரு பதில் சொல்றது? தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தர் வருவாங்களா?"

"நான் சொல்றேன்."

மத்தியானம் அக்கா ஓரகத்தி வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே நுழைந்த நாற்பது பேரையும் ஒவ்வொருவராக நிறுத்தினாள். "இந்தத் தண்ணி வெச்ச பீப்பாயில முன்ன பூச்சிமருந்து இருந்திருக்கு. கொண்டாந்தது நான். இவளுக்குத் தெரியாது. ஒடம்புக்கு ஏதாச்சும்னா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க." ஒருவர் கத்தினார். ஒருவர், "ஊருக்கே வாத்தியாரு மாதிரி பேசுவியே," என்றார். அவள் முகத்தைத் திருப்பவில்லை. பிறகு பீப்பாயை வேறு யாரும் எடுத்துவிடாதபடி ரம்பத்தால் குறுக்கே அறுத்தாள்.

யாருக்கும் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. பாதிப் பேர் சாப்பிட வருவதை நிறுத்தினார்கள். அவர்களில் சிலர் பிறகு திரும்பி வந்துவிட்டார்கள். கடையில் அக்கா இப்போது எதையும் முதலில் மோந்து பார்க்கிறாள், முன்பு என்ன இருந்தது என்று கேட்கிறாள், எண்ணைப் பார்ப்பது அப்புறம்தான்.

ஓரகத்தி இன்னும் அவளோடு பேசுவதில்லை. மத்தியானச் சாப்பாடு மட்டும் நாள் தவறாமல் கடைக்கு வந்துவிடுகிறது.