இருசம்மாள் மாற்றிய முடிவு

கீழப்பழுவூர் கடலை மண்டியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து கடலை உரிப்பார்கள். அவர்களில் எழுத்துத் தெரிந்தவள் இருசம்மாள் ஒருத்திதான். அவள் உரிக்க வேண்டியதில்லை, கதை படித்தால் போதும். ஆளுக்கு இரண்டு கை பருப்பை அவள் முறத்தில் போட்டுவிடுவார்கள். கதை எல்லாம் மண்டிக்காரர் வீட்டம்மா வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துப் பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைகள். இருசம்மாள் மகராசிக்குக் குரல் அப்படி. கிழவன் பேசினால் கிழவன், குழந்தை அழுதால் குழந்தை. எழுபத்தாறாம் வருஷம் அந்தக் குரல்தான் ஆண்டாயியின் குடியைக் கெடுத்தது.

புருஷன் கருப்பண்ணன் அடித்த அடியில் முன்பல் இரண்டு போய், ஆண்டாயி தன் அம்மா வீட்டுக்கு வந்திருந்த நேரம் அது. தொடர்கதையிலும் ஒருத்தி அடி தாங்காமல் புருஷனை விட்டுப் புறப்பட்டிருந்தாள். அவள் கதி என்ன ஆகும் என்று கேட்கத்தான் ஆண்டாயி நாள் தவறாமல் மண்டிக்கு வந்தாள். கடைசி நாள், கதைப் பெண் திரும்பிப் போய்ப் புருஷன் காலில் விழுந்தாள், அவனும் திருந்தினான் என்று இருசம்மாள் தழுதழுக்கப் படித்தாள். அத்தனை பேரும் மூக்கைச் சிந்தினார்கள். ஆண்டாயி அந்த வெள்ளிக்கிழமையே துணிமூட்டையோடு கருப்பண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் திருந்தவில்லை. ஐந்து வருஷம் அடித்தான்.

எண்பத்தொன்றில் ஊருக்கு முதியோர் கல்வி வகுப்பு வந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் ஆண்டாயி மண்டிக்காரர் வீட்டம்மாவிடம் கேட்டு வாங்கியது அந்தப் பைண்டைத்தான். முடிக்க ஒரு மாதம் ஆனது. காதால் கேட்டபோது ஓடிய கதை, விரல் வைத்துப் படித்தபோது வரிக்கு வரி நின்றது. கடைசிப் பக்கத்தை மூன்று தடவை படித்தாள். அந்தப் பெண் திரும்பிப் போகவே இல்லை. காலில் விழுந்ததும் அவன் திருந்தியதும் இருசம்மாளின் கைச்சரக்கு. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. கேட்கிறவளுக்குப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வழியில்லை என்ற தைரியம்தானே!

மறுநாள் மண்டியில் எல்லோர் முன்னாலும் ஆண்டாயி பைண்டைப் பிரித்து இருசம்மாள் மடியில் வைத்தாள். இருசம்மாள் பக்கத்தைப் பார்த்தாள்.

"ஒன் நல்லதுக்குத்தான்டி மாத்துனேன். வாழாவெட்டியா ஒக்காந்திருந்தியே, மனசு கேக்கல."

"வெளிய போனவள நீ இழுத்தாந்து கால்ல தள்ளிட்டக்கா. கூடவே என்னையும் தள்ளிட்ட. இப்ப இருக்கறத இருக்கறபடி படி."

ஆண்டாயி வரிக்குக் கீழே விரலை வைத்தாள். விரல் நகர நகர இருசம்மாள் படித்தாள். இந்தத் தடவை குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. யாரும் அழவும் இல்லை.

அன்றைக்கு இருசம்மாள் முறத்தில் ஒருத்தியும் பருப்புப் போடவில்லை. ஆண்டாயி சாயங்காலம் கருப்பண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. அதற்கப்புறமும் போகவில்லை.