கடைசித் தலை

பூமிக்கடியில் செம்பு இருக்கிறது என்று யாரோ சொல்லப்போய், ஆளில்லாத பொட்டல் ஒரே வருடத்தில் ஊராகிவிட்டது. சுரங்கம் வந்தது, பின்னாலேயே தலைகளும் வந்தன. தலைகளை நம்பி என் அப்பா வந்து, நாலு நாற்காலி போட்டு சலூன் திறந்தார். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் தலையில் அரைப்படி மண் இருக்கும். முதலில் உதறி, பிறகு கழுவி, அப்புறம்தான் கத்தரி. சம்பள நாளில் வரிசை சினிமாக் கொட்டகை வரைக்கும் நீளும். அப்பாவுக்குச் சாப்பிடக்கூட நேரமிருக்காது, வாய் மட்டும் ஓயாது.

செம்பு தீர்ந்தது. முதலில் பேங்க் மூட்டை கட்டியது. பிறகு டாக்டர், பிறகு பள்ளிக்கூடம். கொட்டகைக் கூரையைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். மிஞ்சியது இரண்டே பேர்: அப்பாவும், மூடிய சுரங்கத்தின் வாட்ச்மேனும்.

போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. அடுத்த முறை வந்தால் தூக்கிக்கொண்டு ஓட ஆளில்லை. அவரைக் கூட்டிப்போக வேனோடு போனேன்.

"நான் வந்துட்டா அவனுக்கு யாரு முடி வெட்டுவா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாட்ச்மேன் முழு வழுக்கை, காதோரம் மட்டும் கொஞ்சம் பஞ்சு. அதற்கு வாரம் தவறாமல் சலூன் வேறு. நேராகச் சுரங்க வாசலுக்குப் போனேன்.

"மாமா, எங்கப்பாவ விட்டுடுங்க."

"நானாம்மா பிடிச்சு வச்சிருக்கேன்? காவலே வேணாம்னு கம்பெனி எப்பவோ சொல்லிடுச்சு. மகன் வா வான்னு கூப்பிடறான். நானும் போயிட்டா உங்கப்பா யாருக்கு முடி வெட்டுவாரு?"

கையைப் பிடித்து இழுத்துவந்து, அப்பா முன்னால் அதையே மறுபடி சொல்ல வைத்தேன். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"அதுக்கா வாராவாரம் வந்த?" என்றார் அப்பா.

"நீ துணிய உதறி வச்சுக்கிட்டு வாசலையே பாத்துட்டு இருப்ப. வராம எப்படி இருக்கறது?"

அப்பா நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அந்தக் காதோரப் பஞ்சுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"இரும்மா, அவசரப்படுத்தாதே. இந்த ஊர்ல இதான் கடைசித் தலை." எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றோடு ஊர் காலி. அப்பா இப்போது என் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். வாட்ச்மேன் மாமா தன் மகன் வீட்டில் இருக்கிறார். அந்தத் தெருவிலேயே மூன்று சலூன் உண்டு. ஆனாலும் மாதாமாதம் இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார், முடி வெட்டிக்கொள்ள.