மேல் பட்டன்

தீவின் துறைமுகப் பகுதியான ஹேடோவில் ஒரு சரக்கு ஏஜென்சியில் எனக்கு வேலை. மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பலில் இறங்கும் சிமென்ட், டைல்ஸ், வெங்காயம் எல்லாவற்றையும், கப்பல் அணையும் ஜெட்டியில் நின்று சரிபார்க்க வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து மாற்றலாகி ஒரு மேனேஜர் வந்தார். கப்பலின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றுகூடத் தெரியாதவர். வந்த வாரமே ஜெட்டியில் நிற்பவர்களும் மேல் பட்டன் வரை போட்டு டை கட்ட வேண்டும் என்று சர்க்குலர் விட்டார். நின்ற இடத்திலேயே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் ஊர் இது. அவருக்கென்ன, ஏ.சி. அறை.

எனக்கு ஐம்பத்தாறு வயது. கழுத்து தடித்துவிட்டது, மேல் பட்டனைப் போட்டால் காலருக்குள் ஒரு விரல்கூட நுழையாது. ஆனாலும் போட்டேன். அந்த மனிதரை மனதுக்குள் தினமும் திட்டிக்கொண்டே போட்டேன். வாய் திறந்து மறுக்காத நான் அவரைவிட என்ன உசத்தி?

ஒரு நாள் காலை, கிரேன் ஓட்டும் வங்காளி நண்பர் மேலிருந்து கூப்பிட்டார். சட்டென்று இடப்பக்கம் திரும்பி அண்ணாந்து பார்த்தேன். கண் இருண்டது. விழித்தபோது சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே கிடந்தேன்.

அடுத்த வாரம் மேனேஜர் அறையிலேயே விழுந்தேன். பின்னால் கதவு திறந்த சத்தத்துக்குத் திரும்பியது மட்டும்தான் நினைவிருக்கிறது. கண் விழித்தால், அவர் குனிந்து என் வாயை மோந்துகொண்டிருந்தார்.

"எத்தனை ரவுண்டு?" என்றார்.

"நான் குடிக்கிறதில்ல சார்."

"இந்தத் தீவுல எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. டாக்டர் லெட்டரோட வந்தா போதும்."

வீட்டுக்கு அனுப்பினார். குட்வில் எஸ்டேட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ரிட்டயரான ஓவர்சியர், கேட்காமலே வந்து "லோ பிரஷர்" என்று தீர்ப்புச் சொல்லி, உப்புத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். நான் போன கிளினிக் டாக்டர் அதைவிடப் பெரிய மேதை. உட்காரவைத்து பிரஷர் பார்த்தார். "நார்மல். டென்ஷன்தான்" என்று, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

கடைசியில் என் மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரு இளம் பெண் டாக்டர். அவர்தான் முதன்முதலாகக் கேட்டார்: "ரெண்டு தடவையும் விழறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"திரும்பிப் பார்த்தேன்மா."

"என்ன சட்டை போட்டிருந்தீங்க?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "கழுத்த நெரிக்கிற மாதிரி ஒண்ணு, டாக்டர். டை வேற."

என்னைப் படுக்கவைத்து, நெஞ்சில் இ.சி.ஜி. ஒயர்களை மாட்டினார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, இடப்பக்கம் விரலால் மெதுவாகத் தேய்த்தார். அதே இருட்டு வந்து விலகியது. பிறகு காகிதத்தைக் காட்டினார். இதயத் துடிப்பின் மேடு பள்ளங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் வெறும் கோடு.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய் கழுத்துல ரெண்டு பக்கமும் இருக்கு. அதோட சுவர்ல நரம்பு முனைகள் இருக்கு," என்றார். "பிரஷர் ஏறினா குழாய் விரியும். அந்த நரம்பு உடனே மூளைக்குச் சொல்லும். மூளை இதயத்தை மெதுவா துடிக்கவைக்கும், உடம்புல இருக்கிற ரத்தக்குழாய்களைத் தளர்த்தும். பிரஷர் இறங்கினா நேர்மாறா நடக்கும். நீங்க ஒவ்வொரு தடவ எழுந்து நிக்கும்போதும் இது நடக்குது, உங்களுக்குத் தெரியறதில்ல."

"அப்ப நான் ஏன் விழறேன்?"

"வயசாக ஆக சிலருக்கு அந்த நரம்பு முனை ரொம்ப சென்சிடிவ் ஆயிடும். நீங்க திரும்பும்போது காலர் அமுக்குது. பிரஷர் ஏறிடுச்சுன்னு நரம்பு தப்பாச் சொல்லுது. மூளை இதயத்தையே சில நொடி நிறுத்திடுது. முதல்ல பட்டனைக் கழட்டுங்க. அப்புறமும் விழுந்தா பேஸ்மேக்கர் வைக்கணுமான்னு பார்க்கலாம்."

லெட்டரோடு போனேன். மேனேஜர் இரண்டு முறை படித்தார். நான் குடித்திருப்பதாக நினைத்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. "இத நான் முடிவு பண்ண முடியாது. ஹெட் ஆபீசுக்கு எழுதணும்" என்றார்.

ஒரு சட்டைப் பட்டனைக் கழற்ற ஒன்றரை மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. அதுவரை எனக்கு ஜெட்டியில் வேலை இல்லை. ஸ்டோரில் மூலையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பதில் வந்தது. மேல் பட்டனைத் திறந்துவைக்க அனுமதி உண்டு, டை மட்டும் கட்டாயம். மேனேஜர் அதைப் படித்துக் காட்டியபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதில் சிரிக்க ஏதாவது இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தால்தானே.

டையைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தேன். "இது உங்க கிட்டயே இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு ஜெட்டிக்கு நடந்தேன். கிரேன் நண்பர் மேலிருந்து பார்த்துவிட்டு, "சலோ, அச்சா கியா" என்று இந்தியில் சபாஷ் போட்டார். மறுநாள் இன்னும் இரண்டு பேர் டை இல்லாமல் வந்தார்கள். மேனேஜர் கேட்கவில்லை, கேட்கும் தைரியம் அவருக்குக் காகிதத்தில் மட்டும்தான்.

அடுத்த மழைக்காலத்தில் மெயின்லேண்டுக்கே மாற்றலாகிப் போனார். பிரிவுபசார விழாவில் ஒழுக்கத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் சமோசாவைத் தின்று முடித்தேன்.

அதற்குப் பிறகு நான் விழவில்லை. ஷேவ் செய்யும்போது மட்டும் கழுத்தின் இடப்பக்கம் வந்ததும் கை தானாக மெதுவாகிவிடுகிறது.