மூன்றாவது முடிச்சு

போன வைகாசியில் என் தம்பிக்குக் கல்யாணம். தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையில் மண்டபம். அன்றைக்கு மணமேடையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் வியர்க்கும், அப்புறம் சிரிப்பு வரும்.

என் வலது கை மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். சில வருஷங்களுக்கு முன்பு பஸ் ஜன்னலில் கையைப் போட்டபடி தூங்கிவிட்டேன். துறைமுகத்துக்குப் போன கன்டெய்னர் லாரி ஒன்று உரசிக்கொண்டு போனது. அழ வேண்டியதையெல்லாம் அழுது தீர்த்துவிட்டு கடைக்குத் திரும்பிவிட்டேன். முத்தையாபுரத்தில் நானும் வீட்டுக்காரரும் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறோம். ஒற்றைக் கையாலேயே வளையல் அடுக்கப் பழகிக்கொண்டேன். என் கையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, பேரம் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேரம் பேசாத வியாபாரமும் ஒரு வியாபாரமா!

தம்பி கல்யாணத்துக்குச் சில மாதங்கள் முன்னால், ஒரு ஆராய்ச்சிக் குழு செய்த புதுக் கையைச் சோதனை முறையில் போட்டுப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். பழைய செயற்கைக் கையில் இரும்புப் பொத்தான்கள் தோலை அழுத்தும். நம்ம ஊர் வியர்வைக்குப் புண்ணாகிவிடும். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஸ்டிக்கர் பொட்டு மாதிரி மெல்லிசான, தோலோடு தோலாக வளைகிற இரண்டு பட்டைகள். முழங்கைக்குக் கீழே உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று ஒட்டிக்கொள்ள வேண்டும். விரலை மடக்க நினைத்தால் உள்பக்கத் தசை இறுகும். விரிக்க நினைத்தால் வெளிப்பக்கத் தசை. அந்தத் துடிப்பைப் பட்டை கண்டுபிடித்துக் கைக்குச் சொல்லும், கை அப்படியே செய்யும். முதல் நாள் ஒரு டம்ளரைப் பிடித்துவிட்டு அம்மாடி என்று கத்திவிட்டேன். ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்கள். “அக்கா, பட்டை ஒட்டுற இடத்துல எண்ணெய் மட்டும் படவே கூடாது.”

எங்கள் பக்கம் தாலி கட்டும்போது முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் அக்கா தங்கை போட வேண்டும். நான் ஒரே அக்கா. ஆனால் கல்யாணப் பேச்சு எடுத்ததுமே பெரியம்மா ஆரம்பித்துவிட்டாள். “ஏளா, ஒனக்கு எதுக்கு இந்தச் செரமம்? எம் மவ போடட்டும். அவளும் தங்கச்சி மொறதானே?”

எனக்கு வந்ததே கோபம். இன்றைக்கு முடிச்சை விட்டுக்கொடுத்தால், நாளைக்கு வளைகாப்பு, காதுகுத்து எல்லாவற்றிலும் ‘அவளுக்கு எதுக்குச் செரமம்’ என்று ஒரு நாற்காலியைப் போட்டு ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். “எந் தம்பி பொண்டாட்டி கழுத்துல நாந்தான் முடிச்சு போடுவேன். வேற யாரும் கிட்ட வரப்பிடாது” என்று சொல்லிவிட்டேன்.

சொன்னால் போதுமா, பழக வேண்டாமா? கடையில் செயின் மாட்டி வைக்கிற கழுத்துப் பொம்மை ஒன்று இருக்கிறது. மஞ்சள் கயிற்றை வாங்கி அதன் கழுத்தில் கட்டிக் கட்டிப் பழகினேன். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “ஒரு பொம்மைக்கு எத்தன வாட்டிதான் கல்யாணம் பண்ணுவ? மாப்பிள்ள யாருன்னாவது சொல்லேன்!” வாங்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டேன்.

மணப்பெண்ணுக்கு விளாத்திகுளம். நிச்சயதார்த்தத்தன்று எல்லாரும் ‘வலிக்குமா, ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்ட, அவள் மட்டும் பட்டையைத் தொட்டுப் பார்த்து, இது எப்படி வேலை செய்யுது என்று கேட்டாள். “தசை சொல்லுததை இது கேக்கும். ஓரம் எழும்பிட்டுன்னா காது அடச்சிக்கிடும். லேசா அமுக்கிவிட்டா திரும்பக் கேட்டுரும்” என்றேன். அவளோடு நான் பேசியது அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் எனக்குச் சித்தி தலை பின்னிக்கொண்டிருந்தாள். நானோ போனில் பூக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா வந்து உட்கார்ந்தாள். விபத்து நடந்த நாளிலிருந்து தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி என் கையில் முழங்கை வரை தேய்த்துவிடுவது அவள் வழக்கம். பட்டை ஒட்டுகிற நாட்களில் மட்டும் ராத்திரிக்குத் தள்ளி வைப்பாள். அன்றைக்குக் கல்யாணச் சந்தடியில் அது மறந்துவிட்டது. மகள் கை வறண்டு கிடக்கிறதே என்று பாசத்தோடு தேய்த்துவிட்டுப் போனாள். தினமும் படுகிற கைதானே, எனக்கும் உறைக்கவில்லை. குளித்த கைதானே என்று அப்படியே பட்டையை ஒட்டிக்கொண்டேன். விரித்தேன், மடக்கினேன். சொன்னபடி கேட்டது.

கெட்டிமேளம் முழங்கியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டான். நான் பெண்ணுக்குப் பின்னால் குனிந்து இரண்டாவதைப் போட்டேன். கச்சிதம்! கண் கலங்கிவிட்டது. மூன்றாவதற்குக் கயிற்று நுனியைப் பிடித்து வளைத்து, இனி விட வேண்டியதுதான். விரல் விரியவில்லை.

விரி விரி என்று மனசுக்குள் கத்துகிறேன். வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து வெளிப்பக்கப் பட்டை எழும்பிவிட்டது போல. கை இறுக்கிப் பிடித்தது பிடித்தபடியே நிற்கிறது. நான் இழுத்தால் பெண்ணின் கழுத்தில்தான் கயிறு இறுகும். இடது கையில் மறு நுனி. அதை விட்டால் முடிச்சு அவிழும். அட்சதை மேலே விழுகிறது, மேளம் நிற்காமல் அடிக்கிறது, நான் குனிந்தவள் நிமிரவில்லை.

“நான் அப்பவே சொன்னேம்லா?” பெரியம்மாவின் குரல் பக்கத்திலேயே கேட்டது. “ஏளா சின்னவளே, இங்கன வா. நீ வாங்கிப் போடு.”

உடம்பெல்லாம் கூசிப்போனது. அவ்வளவுதான், விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்போதுதான் தலை குனிந்திருந்த மணப்பெண் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“மைனி, எங்கன அமுக்கணும்?”

“முழங்கைக்குக் கீழ... வெளிப்பக்கம். எண்ணெயா இருக்கும்” என்றேன்.

கழுத்தை அசைக்காமல், மருதாணிக் கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தாள். கூறைப் புடவை முந்தானையால் என் கையைத் துடைத்தாள். பட்டுப் புடவை, எண்ணெய்க் கறை படுமே என்றுகூட யோசிக்கவில்லை. பட்டையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். விரல்கள் விரிந்தன! அவள் கையை எடுக்கவே இல்லை. அவள் அமுக்கிக்கொண்டிருக்க, நான் நிதானமாக மூன்றாவது முடிச்சை இறுக்கிப் போட்டேன். பெரியம்மா மகள் ஓடி வந்து நின்றதோடு சரி.

நிமிர்ந்தபோது தம்பி பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தான். “என்னக்கா ஆச்சு?” “ஒம் பொண்டாட்டி கெட்டிக்காரிலே, அதான் ஆச்சு” என்றேன். விஷயம் தெரிந்து அம்மா சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்து அழ, இலை போட்டு நானே ஊட்டிவிட்டேன், பட்டையைத் துடைத்து ஒட்டிக்கொண்டு, அந்தப் புதுக் கையால்தான். ஆராய்ச்சிக் குழுவிடமும் நறுக்கென்று சொல்லிவிட்டேன். நம்ம ஊரில் எண்ணெய் தேய்க்காத அம்மாவைத் தேடுவதைவிட, எண்ணெயிலும் ஒட்டுகிற பட்டை செய்வது சுலபம் என்று. சிரித்தார்கள். செய்துகொண்டிருக்கிறார்களாம். செய்துவிடுவார்கள், எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

போன மாதம் தம்பி பொண்டாட்டிக்கு வளைகாப்பு. முதல் வளையலை நான்தான் போட்டேன். பெரியம்மாதான் வளையலை எடுத்து என் கையில் கொடுத்தாள். கஷ்டப்படுகிறவர்களைக் கண்டதும் ‘நீ விடு, நான் செய்யுதேன்’ என்று பாய்ந்து பிடுங்குகிற ஆள்தான் நானும். ஆனால் அந்தக் கல்யாணத்திலிருந்து, யாராவது தடுமாறி நிற்பதைப் பார்த்தால், எங்கே அமுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறேன்.